குற்றப்பத்திரிகையில் ஏறிய நாடகம்

1975-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் ஒன்பது பேரைப் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எல்லோரும் இளைஞர்கள். யாரையும் சுட்டதாகவோ எங்கேனும் குண்டு வைத்ததாகவோ அவர்கள்மீது வழக்கு இல்லை. குற்றப்பத்திரிகையில் இருந்தவை பேச்சுகள், அறிக்கைகள், கவிதைகள், நாடகங்கள். கலகத்தைத் தூண்டும் நாடகங்களை அரங்கேற்றினார்கள் என்பது அரசு அடுக்கிய குற்றங்களில் ஒன்று. வழக்கு நெடுநாள் இழுத்தது. 1976 டிசம்பரில் ஐந்தாண்டு, ஆறாண்டு என்று தண்டனை விழுந்தது. ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த ஒன்பது பேரில் சாத்ஸ் கூப்பரும் ஸ்டிரினி மூட்லியும் டர்பன் இந்தியர்கள். மூட்லி என்பது முதலிதான். குடியேற்ற அலுவலகத்து எழுத்தர்களின் பேனாவில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களான எங்கள் பெயர்கள் இப்படித் திரிந்து போயின. இருவரும் 1969-இல் டர்பனில் தொடங்கிய ‘தியேட்டர் கவுன்சில் ஆஃப் நேட்டால்’ என்ற நாடகக் குழுவைச் சேர்ந்தவர்கள். சுருக்கமாக ‘டெகான்’ என்பார்கள்.

கலை இந்த உலகை நல்ல பக்கம் திருப்புமா என்று ஒரு கலைஞரிடம் கேட்டால் ஆம் என்பார். அவர் வாழ்க்கையையே அதில் வைத்திருக்கிறார். வேறு என்ன சொல்வார்? நிறவெறி அரசுக்கு அப்படி நம்பவேண்டிய தேவை எதுவும் இல்லை. படை, காவல்துறை, சட்டம், சிறை என எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த அரசு அது. ஒரு சமுதாயக்கூடத்தில் சில நூறு பேர் பார்த்த நாடகத்தை அது ஏன் குற்றப்பத்திரிகையில் ஏற்றியது? எதைக் கண்டு அஞ்சியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், கலையால் ஆவது எது, ஆகாதது எது என்பது ஓரளவு துலங்கும் என்று நம்புகிறேன்.

விடை சொல்ல எனக்குத் தமிழே கைகொடுக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இன்று வீட்டுமொழி ஆங்கிலம். 1996 அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, போற்றி வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனாலும் கோயிலில் தேவாரத்தை ரோமன் எழுத்தில் பார்த்துத்தான் பலர் பாடுகிறார்கள். வார இறுதித் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களில் ஒன்று, நாங்கள், நாம் என்ற இரண்டு சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலோ நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். நாம் என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். இந்த நாட்டில் கலை செய்ததும், செய்யத் தவறியதும், சில வேளைகளில் கெடுத்ததும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் நடந்திருக்கின்றன.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாக வந்தவர்கள். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் எண். கரும்புத் தோட்டத்தில் பகல் முழுவதும் எண்ணாகவே இருந்த மனிதர், திருவிழா இரவில் முகத்தில் அரிதாரம் பூசி, தலையில் கிரீடம் ஏற்றி, அர்ச்சுனனாக வந்து நின்றார். தெருக்கூத்து இந்த நாட்டுக்கு அப்படித்தான் வந்தது. இங்கே அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர். டர்பன் நகராட்சியில் குப்பை அள்ளியும் சாலை போட்டும் வாழ்ந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் சோம்ட்சியூ சாலையில் ‘மேகசின் பாரக்ஸ்’ என்ற குடியிருப்பில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நாடகத்துக்கும் கூத்துக்கும் பேர்போன இடம் அது.

அந்தக் கூத்து உலகை மாற்றியதா? ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது சுமத்தப்பட்ட 3 பவுண்டு வரியை அது ஒழிக்கவில்லை. அதை ஒழித்தது 1913-இன் வேலைநிறுத்தம். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து நடந்த மக்களும், சிறையில் உடல் கெட்டு 1914-இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மையும். கூத்தின் கணக்கில் அந்த வெற்றியை எழுதக் கூடாது. ஆனால் வேலைநிறுத்தம் செய்ய மனிதர்கள் வேண்டும். எண்ணாக மட்டுமே நடத்தப்படுகிறவர், தான் எண் மட்டும் இல்லை என்று நம்பினால்தான் அவர் கால் தோட்டத்து எல்லையைத் தாண்டும். அந்த நம்பிக்கைக்கு விடிய விடிய நடந்த கூத்திலும் காவடிச் சிந்திலும் கும்மியிலும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன். ஆயினும் அது முழுக்க முழுக்க ‘நாங்கள்’ கலை. பக்கத்துக் குடிசையில் இருந்த ஜூலு மனிதர் அதன் பார்வையாளர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தாலும், கதையில் அவருக்கு இடமில்லை.

அந்த இடைவெளிக்கு நாங்களும் அவர்களும் கொடுத்த விலை 1949 ஜனவரியில் தெரிந்தது. டர்பன் நகரில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரம் நகரை ஒட்டிய கேட்டோ மேனர் பகுதி வரை பரவியது. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 142 பேர்: 87 ஆப்பிரிக்கர்கள், 50 இந்தியர்கள், மற்றவர்கள் சிலர். 1948-இல் ஆட்சிக்கு வந்திருந்த நிறவெறி அரசு, ஒவ்வோர் இனமும் தனக்கென ஒதுக்கிய பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற குழுப் பகுதிச் சட்டத்தை அடுத்த ஆண்டே கொண்டுவந்தது. கேட்டோ மேனரில் கீரையும் வாழையும் பயிரிட்டு, கோயில் கட்டி வாழ்ந்த இந்தியர்கள் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அங்கே வாடகைக் குடிசைகளில் இருந்த ஆப்பிரிக்கர்கள் குவாமாஷுவுக்கும் உம்லாஸிக்கும் பெயர்க்கப்பட்டார்கள். மேகசின் பாரக்ஸும் கலைக்கப்பட்டது. வீடுகளை இடித்த பிறகு கேட்டோ மேனரின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் புல் மண்டிக் கிடந்தது.

கேட்டோ மேனரில் 1934-இல் பிறந்த ரோனி கோவெண்டர் அந்த ஊரைக் கதைகளிலும் மேடையிலும் திரும்பக் கட்டினார். அவருடைய ‘அட் தி எட்ஜ்’ கதைத் தொகுப்புக்கு 1997-இல் காமன்வெல்த் பரிசு கிடைத்தது. 1970களில் மேடையேறிய ‘தி லாணீஸ் பிளெஷர்’ நாடகத்துக்குப் பரிசைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது: தாங்கள் பேசும் ஆங்கிலத்தை மேடையில் முதல் முறை கேட்ட தோட்டத் தொழிலாளிகளின் கூட்டம். மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பாலையை ஒட்டிய ஒரு மதுக்கடைதான் களம். லாணி என்பது டர்பன் இந்தியர் வெள்ளை முதலாளிக்கு வைத்த பெயர். தமிழின் ஓசையும் ஜூலுவின் சொற்களும் கலந்த அந்த ஆங்கிலத்தைப் பள்ளியில் பேசினால் ஆசிரியர் திருத்துவார். அதையே ஒரு பாத்திரம் தலைநிமிர்ந்து பேசியபோது அரங்கம் கொண்டாடியது. இதுவும் ஒரு மாற்றம். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

டெகான் செய்தது இன்னும் ஒரு படி மேல். 1960களின் இறுதியில் ஸ்டீவ் பிக்கோவும் தோழர்களும் கட்டிய கறுப்புணர்வு இயக்கம், ‘கறுப்பர்’ என்ற சொல்லுக்குப் புதிய பொருள் சொன்னது. சட்டத்தால் ஒடுக்கப்பட்ட எல்லோரும் கறுப்பர். ஆப்பிரிக்கரும் இந்தியரும் கலப்பினத்தவரும் அதில் அடக்கம். காகிதத்தில் இதை எழுதிவிடலாம். சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த ஓர் இளைஞனையும் குவாமாஷுவில் வளர்ந்த ஓர் இளைஞனையும் அப்படி உணரவைப்பது எப்படி? இருவரும் ஒரே பள்ளியில் படிக்க முடியாது, ஒரே தெருவில் குடியிருக்க முடியாது. 1965-இல் வந்த ஓர் அரசாணை கலப்புப் பார்வையாளர்களையும் தடுத்தது. அரசு ‘நாங்கள்’ என்ற சொல்லைச் சுவராக எழுப்பி, ஒவ்வோர் இனத்தையும் அதற்குள் தனித்தனியே அடைத்திருந்தது. ஒரு நாடகக் குழுவில் இருவரும் சேர்ந்தால், ஒத்திகை நடக்கும் இரண்டு மணி நேரமாவது அந்தச் சுவர் இல்லை. பார்க்க வந்தவர்களுக்கும் அது தெரிந்தது.

ஜொஹானஸ்பர்க்கை அடுத்த லெனேசியா என்ற இந்தியக் குடியிருப்பில் 1973-இல் ‘பீப்பிள்ஸ் எக்ஸ்பெரிமென்டல் தியேட்டர்’ என்ற குழு ‘சாந்தி’ என்ற நாடகத்தை மேடையேற்றியது. ஓர் ஆப்பிரிக்க இளைஞனுக்கும் ஓர் இந்தியப் பெண்ணுக்கும் இடையிலான காதலை வைத்து எழுதப்பட்டது. எழுதியவர் முத்துலி கா ஷெஸி. அவர் அதன் அரங்கேற்றத்தைப் பார்க்கவில்லை. 1972 டிசம்பரில் ஜெர்மிஸ்டன் ரயில் நிலையத்தில், கறுப்பினப் பெண்களை இழிவாக நடத்திய ஊழியரைத் தட்டிக்கேட்டதைத் தொடர்ந்து தண்டவாளத்தில் தள்ளப்பட்டு, மருத்துவமனையில் இறந்துபோனார். அந்த நாடகத்தின் பிரதியே பின்னர் அந்தக் குழுவினர்மீதான வழக்கில் அரசின் சான்றாக வைக்கப்பட்டது. ஜூலு ஆண் எழுதிய நாடகத்துக்கு ஓர் இந்தியப் பெண்ணின் பெயர். அதை நடித்தவர்கள் இரண்டு பக்கத்தவரும். ‘நாம்’ என்று உரக்கச் சொன்ன மேடை அது. அரசு அஞ்சியது அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்பது என் முடிவு. பிரித்து வைத்தால் மட்டுமே ஆள முடிந்த ஆட்சி, சேர்ந்து உட்காரும் கூட்டத்தைப் பொறுக்காது.

இந்த இடத்தில் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். நிறவெறி ஆட்சி நாடகத்தால் விழவில்லை. 1973-இல் டர்பன் தொழிற்சாலைகளில் தொடங்கிய வேலைநிறுத்த அலை, 1976-இல் சொவெட்டோ மாணவர் எழுச்சி, 1980களின் நகர்ப்புறக் கிளர்ச்சி, 1985-இல் வெளிநாட்டு வங்கிகள் கடனை நீட்டிக்க மறுத்தது, பொருளாதாரத் தடைகள், ஆயுதப் போராட்டம், பனிப்போரின் முடிவு என்று பல கைகள் சேர்ந்து தள்ளியதில் விழுந்தது. வெளிநாட்டு மேடைகளும் தங்கள் பங்கைச் செய்தன. பாடகி மிரியம் மக்கேபா 1963-இல் ஐக்கிய நாடுகள் சபையில் சாட்சி சொன்னார். அவரைத் தாய்நாடு உள்ளே விடவில்லை. 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் மண்டேலாவின் 70-ஆவது பிறந்தநாளுக்காக நடந்த இசைவிழா 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பானது. சிறையிலிருந்த ஒருவரின் பெயரை உலகின் உதட்டில் வைத்தது பாட்டுத்தான். சிறைக் கதவைத் திறந்தது பாட்டு என்று சொன்னால் அது மிகை.

மேடை எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு ஒரு தொழிற்சாலையில் கிடைக்கிறது. ஜொஹானஸ்பர்க்கின் கிழக்கே ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் வேலையிழந்து, வழக்கில் மாட்டிக்கொண்டார்கள். அன்று என்ன நடந்தது, யார் எங்கே நின்றார், மேலாளர் என்ன சொன்னார் என்பதை வழக்கறிஞரால் அவர்களிடமிருந்து கோவையாகப் பெற முடியவில்லை. சொல்வதை விட்டுவிட்டு நடித்துக் காட்டுங்கள் என்றார். அவர்கள் நடித்தார்கள். நடிக்க நடிக்க, மறந்தவை நினைவுக்கு வந்தன. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொண்டார். ஜங்ஷன் அவென்யூ நாடகக் குழுவின் உதவியோடு அது 1980-இல் முழு நாடகமாகவே வளர்ந்தது. ‘இலங்கா லிஸோபுமேலா அபாசெபென்ஸி’ என்று பெயர்: தொழிலாளருக்கும் கதிரவன் உதிக்கும் என்பது பொருள். அதைப் பார்த்த மற்றத் தொழிலாளர்கள் தங்கள் பட்டறையில் நடந்ததைத் தாங்களே நாடகமாக்கினார்கள். டர்பன் டன்லப் ஆலையின் தொழிலாளர்களும் 1983-இல் தங்கள் வாழ்க்கையை மேடையேற்றினார்கள்.

அந்த டன்லப் ஆலையில் வேலை பார்த்தவர் ஆல்ஃபிரட் க்காபுலா. ஜூலு, கோஸா மரபில் ‘இசிபொங்கோ’ என்று ஒரு பாட்டுவகை உண்டு. அரசனின் குலத்தையும் வீரத்தையும் அடுக்கிச் சொல்லும் புகழ்ப்பாட்டு. எங்கள் மெய்க்கீர்த்திக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். 1984-இல் க்காபுலா அதை எடுத்து, ஒரு தொழிற்சங்கக் கூட்டமைப்பின்மேல் பாடினார். சோழனைப் பாடும் மெய்க்கீர்த்தியை யாரேனும் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின்மேல் பாடினால் எப்படி இருக்கும்! ஆயிரக்கணக்கானோர் கூடிய கூட்டங்களில் அவர் அதைப் பாடியபோது, பாட்டின் அரியணையில் கூட்டமே அமர்ந்திருந்தது. பாட்டு சம்பளத்தை உயர்த்தவில்லை. சம்பளத்துக்காக நின்றவர்களுக்குத் தாங்கள் யார் என்று சொன்னது.

இப்படியெல்லாம் இருந்ததால் கலையை ஆயுதம் என்று அழைக்கும் வழக்கம் போராட்டக் காலத்தில் உறுதிப்பட்டது. பண்பாடு போராட்டத்தின் ஆயுதம் என்ற முழக்கம் எல்லா மேடையிலும் ஒலித்தது. அதற்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். போட்ஸ்வானாவின் கபரோனேயில் ‘மெடு’ கலைக்குழுவில் சுவரொட்டிகள் வரைந்த தாமி ம்ன்யேலே, 1985 ஜூன் 14 அன்று தென்னாப்பிரிக்கப் படை எல்லை தாண்டி நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட ஒரு சொல்லை மறுக்க யாருக்குத் துணிவு வரும்?

ஆல்பி சாக்ஸுக்கு வந்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸில் இருந்த வெள்ளையின வழக்கறிஞர் அவர். 1988 ஏப்ரலில் மொசாம்பிக்கின் மபூட்டோ நகரில் அவருடைய காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து, வலக்கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். அடுத்த ஆண்டு காங்கிரஸின் உள்ளரங்கக் கருத்தரங்குக்கு அவர் எழுதிய கட்டுரை, பண்பாடு போராட்டத்தின் ஆயுதம் என்று நம் உறுப்பினர்கள் சொல்வதைச் சில காலத்துக்குத் தடை செய்யலாம் என்று முன்மொழிந்தது. ஐந்தாண்டு போதும் என்றார். துப்பாக்கிக்கு ஒரே திசைதான். கவிதைக்கு உள்ளேயே முரணும் ஐயமும் உண்டு. எல்லாக் கலையும் பகைவனைச் சுட்டுக்கொண்டே இருந்தால், காதலைப் பாடுவது யார், நம் பிழைகளைப் பாடுவது யார் என்பதே அவர் கேள்வியின் சாரம். நாடெங்கும் பெரிய வாக்குவாதம் மூண்டது. கறுப்பினக் கலைஞர்கள் பலர் சீறினார்கள். வசதியான இடத்திலிருந்து வரும் அறிவுரை என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சாக்ஸ் பக்கம்தான் நிற்கிறேன். ஆயுதம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், எதிரே ஒரு பகைவர் எப்போதும் இருந்தாக வேண்டும். வெள்ளை ஆட்சி போன பிறகு அந்த இடத்தில் யாரை நிறுத்துவது?

2002-இல் அதற்கு ஒரு விடை வந்தது. ம்பொங்கேனி ங்கேமா என்ற பெயரைத் தென்னாப்பிரிக்காவில் அறியாதவர் இல்லை. ‘வோஸா ஆல்பர்ட்’ நாடகத்தை 1981-இல் உருவாக்கிய மூவரில் ஒருவர். சொவெட்டோ மாணவர் எழுச்சியை உலகமெங்கும் கொண்டுசென்ற ‘சாரஃபீனா’ இசைநாடகத்தின் ஆசிரியர். அதே மனிதர் 2002-இல் ‘அமாந்தியா’ என்ற பாட்டை வெளியிட்டார். ஜூலுவில் அமாந்தியா என்றால் இந்தியர்கள். இந்தியர்கள் எங்கள் நிலத்தில் செழிக்கிறார்கள், எங்களை மதிப்பதில்லை, அவர்களை எதிர்கொள்ள வலுவான ஆண்கள் வேண்டும் என்ற போக்கில் போகும் பாட்டு. மண்டேலா உட்படப் பலர் கண்டித்தார்கள். மனித உரிமை ஆணையம் புகார் கொடுத்தது. ஒலிபரப்புப் புகார் ஆணையம் அதை வெறுப்புப் பேச்சு என்று தீர்மானித்து, வானொலி, தொலைக்காட்சியில் ஒலிக்கத் தடை விதித்தது. உரையாடலைத் தொடங்கவே பாடினேன் என்றார் ங்கேமா. 2023 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் இறக்கும் வரை, டர்பன் இந்தியர்கள் மத்தியில் அவர் பெயர் சொன்னாலே முகம் இறுகும்.

என் பார்வையில், கலைக்கு ஆற்றல் உண்டா என்ற ஐயத்துக்கு இந்தப் பாட்டைவிடக் கசப்பான சான்று கிடையாது. மெட்டு நன்றாக இருந்தது. குரல் நன்றாக இருந்தது. ஒரு தேர்ந்த கலைஞரின் கை அதில் தெரிந்தது. அதனால்தான் அது பரவியது. கடையில் வேலை செய்கிறவருக்குக் குறைந்த கூலி, வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தனித் தட்டு, பெயர் கேட்காமல் ஆங்கிலத்தில் ‘பாய்’, அதாவது ‘பையா’, என்று கூப்பிடுவது என்று பாட்டின் அடியில் கிடந்த மனக்குறைகள் பலவும் பொய்யில்லை. எங்கள் வீடுகளில் இவை நடந்தன, நடக்கின்றன. மனக்குறை மெய்யாக இருந்தும் பாட்டு ஏன் தவறானது என்றால், அது இந்தியரைப் பார்த்துப் பேசவில்லை. இந்தியரைப் பற்றிப் பேசியது. கேட்பவரை வெளியே தள்ளித் தாழிட்டுக்கொண்ட ‘நாங்கள்’ அது. ‘சாரஃபீனா’வில் ‘நாம்’ என்ற அதே கைதான் இதையும் எழுதியது.

அந்த மனக்குறைகளை உள்ளேயிருந்து சொல்லும் வேலையை எங்களவர் ஒருவர் முன்பே செய்திருந்தார். டர்பனின் கெஸ்ஸி கோவெண்டர் 1970களின் இறுதியில் ‘ஒர்க்கிங் கிளாஸ் ஹீரோ’ என்ற நாடகத்தில், ஆப்பிரிக்கர்மீது இந்தியருக்கு இருக்கும் இளக்காரத்தை இந்தியப் பார்வையாளர் முன்னாலேயே வைத்தார். தன் கூட்டத்தின் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடிக்க அசாத்தியமான நெஞ்சுரம் வேண்டும். தன்னை ஒடுக்கியவனைப் பற்றி எழுதினால் சிறை கிடைக்கலாம்; கூடவே கைத்தட்டும் கிடைக்கும். தான் ஒடுக்கியதைப் பற்றி எழுதினால் கைத்தட்டும் இராது. அந்த வழியில் நடந்தவர்கள் எங்களில் குறைவு.

2021 ஜூலையில் நேட்டாலில் கொள்ளையும் கலவரமும் வெடித்து நாடு முழுதும் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே இருக்கும் பீனிக்ஸ், நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென்று கட்டப்பட்ட குடியிருப்பு. போலீஸ் வராத அந்த நாட்களில் குடியிருப்போர் சாலைகளை மறித்துக் காவல் நின்றார்கள். அந்தக் காவலில் கொலையும் நடந்தது. பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்ந்த கறுப்பின மக்கள். அச்சம் மெய். சாலையில் அகப்பட்டு அடிபட்டு இறந்தவர்களும் மெய். அன்று ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய குரல்பதிவுகளில் எங்கும் ‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்ற இரண்டு சொற்கள்தாம் ஒலித்தன. 1949-இலிருந்து 72 ஆண்டுகள். இடையில் எத்தனை நாடகங்கள், எத்தனை நடனங்கள்! அவை பீனிக்ஸ் தெருமுனைக்கு வந்து சேரவில்லை.

கலை தோற்றுவிட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. எங்கள் கலை எங்கே போயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். இன்று டர்பனில் அரங்கேற்றங்கள் சிறப்பாக நடக்கின்றன. ஐஸ்டெட்ஃபாட் என்று இங்கே அழைக்கப்படும் தமிழ்க் கலைப் போட்டிகளில் பிள்ளைகள் திருக்குறள் ஒப்பிக்கிறார்கள், பாடுகிறார்கள், கோலாட்டம் ஆடுகிறார்கள். நானும் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன்; மொழி நழுவிப்போகும் இடத்தில் இந்த மேடைகள் பெரிய துணை. ஆனால் அரங்கத்தில் திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் ஒரே முகம். தோட்டத்துக் கூத்துக்கு அதற்கான காரணம் இருந்தது: வேறு வழியில்லை. எங்களுக்கு அந்தக் காரணம் கிடையாது. சட்டம் இப்போது தடுக்கவில்லை; பழக்கம்தான் தடுக்கிறது.

வேறு வழி தேடியவர்கள் உண்டு. டர்பனில் சூரியா கோவெண்டர் தொடங்கிய நடனக் குழு, பரதத்தையும் ஜூலு நடனத்தையும் ஒரே மேடையில் இணைத்தது. குழுவின் பெயர் ‘சூரியலங்கா’. ஜூலுவில் இலங்கா என்றாலும் கதிரவன்தான்; ஒரே பொருளை இரண்டு மொழியில் சொல்லிச் சேர்த்த பெயர். பரதத்தில் தட்டும் காலும் ஜூலு ஆட்டத்தில் மண்ணை அறையும் காலும் ஒரே தாளத்துக்கு வருவது எளிதில்லை. ஒருவர் மற்றவரின் எண்ணிக்கையை உடம்பால் கற்க வேண்டும். பார்ப்பவருக்கு அது அரைமணி நேரக் காட்சி. ஆடுபவருக்குப் பல மாத ஒத்திகை. மாற்றம் முதலில் நடப்பது ஒத்திகை அறையில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டெகானிலும் அப்படித்தான் நடந்தது. வார்ப்படப் பட்டறைத் தொழிலாளரிடமும் அப்படித்தான்.

ஆல்பி சாக்ஸ் 1994-இல் அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதியானார். ஜொஹானஸ்பர்க்கில் காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த பழைய கோட்டைச் சிறை வளாகத்தில், சிறையின் செங்கற்களையே எடுத்துப் புதிய நீதிமன்றத்தைக் கட்டினார்கள். 2004-இல் திறந்தார்கள். அதன் சுவர்களில் கலைப்படைப்புகளைச் சேர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே ஜூடித் மேசன் நீல பிளாஸ்டிக் பைகளைத் தைத்துச் செய்த ஓர் உடை இருக்கிறது. நேட்டாலைச் சேர்ந்த போராளி ஃபிலா ந்ட்வாண்ட்வே 1988-இல் பாதுகாப்புப் போலீஸாரால் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் விசாரணைக்குப் பின் உடலைத் தோண்டி எடுத்தபோது, தன் மானத்தைக் காக்க அவர் இடுப்பில் சுற்றியிருந்த நீல பிளாஸ்டிக் பை கிடந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு மேசன் செய்த உடை அது. அது ஏதேனும் ஒரு தீர்ப்பை மாற்றியதா என்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் அந்த உடையைப் பார்க்கும் நீதிபதிக்குச் ‘சாட்சி’ என்ற சொல் பழைய எடையில் இருக்காது. ஒரு காலத்தில் நாடகத்தைக் குற்றமாக எழுதிய நாட்டில், நீதிமன்றமே கலையைச் சாட்சியாக வைத்திருக்கிறது.

பீனிக்ஸ் குடியிருப்பை ஒட்டி பாம்பாயி என்று ஒரு குடிசைப் பகுதி இருக்கிறது. பம்பாய் என்ற பெயரின் ஜூலு வடிவம் என்பார்கள். 1904-இல் காந்தி நிறுவிய பீனிக்ஸ் பண்ணை அதற்குள்தான் இருக்கிறது. முந்தைய ஆண்டு டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒபினியன்’ இதழின் அச்சகத்தை அங்கே கொண்டுபோனார்கள். ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழிலும் தொடங்கிய இதழ் அது. 1985 கலவரத்தில் அந்தப் பண்ணை எரிந்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள். 2021 ஜூலையின் அந்த நாட்களைப் பற்றிய ஒரு நாடகம் அங்கே நடக்க வேண்டும் என்பது என் ஆசை. சாலையை மறித்து நின்றவரின் அச்சத்தையும், அந்தச் சாலையில் வேலைக்குப் போய் வீடு திரும்பாதவரின் கதையையும் ஒரே மேடையில் வைக்கும் நாடகம். பாம்பாயியிலிருந்து நடிகர்கள், பீனிக்ஸிலிருந்து நடிகர்கள், ஜூலுவும் எங்கள் ஆங்கிலமும். கூத்திலிருந்து ஒரு கட்டியங்காரனையும் கூட்டிவரலாம். எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊர் நடப்பை முகத்துக்கு நேரே பேசுவது அவன் உரிமை. ஒத்திகைக்கு ஆறு மாதமாவது வேண்டும். என் வகுப்பில் பதினாறு வயதுப் பிள்ளைகள் நால்வர் இருக்கிறார்கள், நன்றாக நடிப்பார்கள். அடுத்த வாரம் அவர்கள் பெற்றோரிடம் பேசப் போகிறேன்.